கோடை மழையில் உதிர்ந்த மாங்காய்

பங்குனியிலேயே காற்றோடு பெய்துவிடும் மழையில் கொல்லைப்புற மாமரத்திலிருந்து உதிரும் பிஞ்சுகளை மாவடு ஊறுகாய்க்குப் பயன்படுத்த வேண்டாம். தரையில் விழுந்து அடிபட்ட வடு உப்பில் சுருங்காமல் அழுகி, ஜாடியில் இருக்கும் மற்றவற்றையும் கெடுத்துவிடும். சற்றுப் பெரிய காய்களை அன்றே கழுவி, கன்றிய பகுதியை நீக்கித் துருவி, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, உப்பு, மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் சேர்த்து எண்ணெய் பிரியும் வரை வதக்கினால் நல்ல தொக்கு கிடைக்கும். மேகமூட்டமான நாளில் வற்றல் போட முயன்றால் பூஞ்சைதான் பிடிக்கும். அணில் கடித்த பழம் இனிக்கும் என்று பெரியவர்கள் சொன்னாலும், அணிலோ வௌவாலோ கடித்ததை முழுவதுமாக ஒதுக்கிவிடுங்கள். பழந்தின்னி வௌவாலின் எச்சில் வழியே நிபா வைரஸ் பரவக்கூடும் என்பதால், கடித்த இடத்தை மட்டும் வெட்டி எறிவது போதாது.