சிப் ட்ரேஸ் எடுக்கேக்க விடக்கூடாத பிழையள்

திருகோணமலைப் பக்கம் இப்ப ஹோட்டல், கிளினிக், ஒஃபிஸ் எண்டு எல்லா இடமும் இன்டர்நெற் போன் சிஸ்டம் பூட்டுறாங்கள், பூட்டுற பெடியளும் கெட்டிக்காரர்தான், ஆனா ஒரு கோல் சொதப்பினா அவங்கள் சிப் ட்ரேஸ், அதாவது போனும் சேர்வரும் கோலுக்காக ஒண்டுக்கொண்டு அனுப்புற சிப் (SIP) மெசேஜுகளின்ர பதிவு, பாக்கிற விதத்தக் கண்டா எரிச்சல்தான் வருது. கேபிள் கழண்டது, பாஸ்வேர்ட் பிழைச்சது எல்லாம் இங்க எழுதேல்ல, அது உங்களுக்கே தெரியும்.

401 ஐக் கண்டு பதறுறது

முதல் ரெஜிஸ்டருக்கு (போன் தன்னை சேர்வரில பதியிற மெசேஜ்) 401, இன்வைட்டுக்கு (கோல் எடுக்கிற மெசேஜ்) 401 இல்லாட்டி 407 வாறது வழமை, ரெண்டும் 'பாஸ்வேர்டக் காட்டு' எண்டு கேக்கிறதுதான். பாஸ்வேர்டோட திருப்பி அனுப்பின பிறகும் அதே வந்தா மட்டும் யோசிங்க.

200 ஓகே போயிட்டுது எண்டதோட ட்ரேஸ மூடுறது

200 ஓகே எண்டா கோல எடுத்தாச்சு எண்ட பதில், அதோட மூடுறதாலதான் ஆக்களுக்குக் காசு போகுது. உப்புவெளியில ஒரு ஹோட்டல், வெளியில இருந்து வாற கோல எடுத்தா நல்லாக் கேக்குது, அரை நிமிசத்தில பட்டெண்டு கட். சீசன் நேரம், ரூம் கேட்டு எடுக்கிற ஆக்கள் பாதிக் கதையில போயிடுறாங்க. லைன் சரியில்ல எண்டு ரவுட்டர மாத்தி, பிறகு போன்களையும் மாத்தி, கடைசியில எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷொட் வருது, இன்வைட், 100 (பாக்கிறன்), 180 (மணி அடிக்குது), 200 ஓகே, "சிப் எல்லாம் சரி அண்ணா, நெற்தான் பிழை" எண்டு. தம்பி, 200 ஓகேக்குக் கீழ என்ன இருந்தது? அதைத்தானே வெட்டிப்போட்டு அனுப்பியிருக்கிறீங்க!

கீழ இருந்தது அதே 200 ஓகே, திரும்பத் திரும்ப. அரைச் செக்கன், ஒண்டு, ரெண்டு, நாலு, பிறகு நாலு நாலு செக்கனுக்கு ஒருக்கா. அதுக்கு 'கிடைச்சுது' எண்டு எதிர்ப்பக்கம் அனுப்ப வேண்டிய அக் (ACK) வரவே இல்ல. சிப்பின்ர விதிகள் இருக்கிற ஆர்எஃப்சி 3261 படி 32 செக்கன் பாத்திட்டு சேர்வரே பை (BYE, கோல முடிக்கிற மெசேஜ்) அனுப்பி முடிச்சிடும், அதால கோல் எப்பவும் அந்த 32 ஆவது செக்கனிலயே கட்டானா லைனத் திட்டாதீங்க, அது டைமர். அக் ஏன் வரேல்ல? எங்கட 200 ஓகேயில கொன்டக்ட் வரியில, அதாவது 'இனி எனக்கு இங்க அனுப்பு' எண்ட வரியில, 192.168 எண்டு உள் அட்ரஸ் கிடந்தது, வெளியில இருக்கிறவன் அந்த அட்ரஸுக்கு அக் அனுப்பினா அது எங்க வந்து சேரும்? ஆஸ்டெரிஸ்கில (போன் சேர்வர் சொஃப்ட்வெயர்) எக்ஸ்டேர்னல் சிக்னலிங் அட்ரஸ், எக்ஸ்டேர்னல் மீடியா அட்ரஸ், லோக்கல் நெற் மூண்டையும் ஒழுங்காப் போட்ட உடனே சரி. புதுப் போன் ஒண்டும் தேவைப்படேல்ல.

கொன்டக்ட் சரியா இருந்தும் அக் காணேல்லயெண்டா ரவுட்டருக்கு உள்பக்கமும் வெளிப்பக்கமும் ட்ரேஸ் எடுத்துப் பாருங்க. பாதிக்குப் பாதி, ரவுட்டருக்குள்ள இருந்து சிப் மெசேஜ மாத்துற சிப் ஏஎல்ஜிதான் கையப் போட்டிருக்கும், அதை ஓஃப் பண்ணுங்க.

போர்ட் 5060 எண்டு மட்டும் ஃபில்டர் போடுறது

5060 சிப்பின்ர வழமையான போர்ட்தான், ஆனா யூடிபியில போற இன்வைட் 1500 பைட்டத் தாண்டினா துண்டாகும், ரெண்டாவது துண்டில போர்ட் நம்பரே இருக்காது, ஃபில்டர் அதை விட்டிடும், நீங்க மெசேஜ் அரைகுறையா வருது எண்டு ஆரையோ பிழை சொல்லுவீங்க. அந்த ஐபிக்குப் போறது வாறது எல்லாத்தையும் பிடிச்சுப்போட்டு வயர்ஷார்க்கில (ட்ரேஸ் பாக்கிற சொஃப்ட்வெயர்) சலிச்செடுங்க.

ஒரே கோல் ஐடிய ரெண்டு பக்கமும் தேடுறது

கோல் ஐடி ஒவ்வொரு கோலுக்கும் உள்ள அடையாளம், அது ரெண்டு பக்கமும் ஒண்டாக் கிடைக்காது. ஆஸ்டெரிஸ்க் நடுவில நிண்டு ரெண்டு தனிக் கோல் நடத்துது.

நேரம்

லைன் தாற கொம்பனிக்காரன்ர லொக் யூடிசியில (உலகப் பொது நேரம்) இருந்தா, எங்கட நேரத்துக்கு அஞ்சரை மணித்தியாலம் கூட்டுங்க.

5061 இல ஒண்டும் தெரியேல்ல எண்டு அழுறது

அது டிஎல்எஸ், மெசேஜ் பூட்டுப் போட்டுத்தான் போகும். சேர்வருக்க பிஜேசிப் லொக்கர (ஆஸ்டெரிஸ்க் தன்ர சிப் மெசேஜக் காட்டுறது) ஓன் பண்ணிப் பாருங்க.

ட்ரேஸ அப்பிடியே வட்ஸ்அப் குரூப்பில போடுறது

அதில கோல் எடுத்த ஆக்கள்ர நம்பர் முழுக்க இருக்கு. ஓதரைசேஷன் வரியில இருக்கிற ஹாஷ (பாஸ்வேர்டில இருந்து கணக்குப் போட்டு எடுத்த குறி) வச்சு லேசான பாஸ்வேர்டெண்டா வீட்டில இருந்தே கண்டுபிடிச்சிடுவாங்கள், பிறகு உங்கட லைனில வெளிநாட்டுக் கோல் பறக்கும். அனுப்பத்தான் வேணுமெண்டா அந்த வரியையும் நம்பர்களையும் அழிச்சுப்போட்டு அனுப்புங்க, 200 ஓகேக்குக் கீழ இருக்கிறத மட்டும் வெட்டாதீங்க.