முதல் வாக்கு போடப் போகும் பிள்ளைகளுக்கு

எனக்கு 18 வயதானது 1978இல். இலங்கைப் பாராளுமன்றத்துக்கு முதல் வாக்கைப் போட்டதோ 1989இல், 28 வயதில். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தின் காலத்தை இன்னும் 6 ஆண்டு நீட்டலாமா என்று 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பு வைத்தார்கள். விளக்கு என்றால் ஆம், குடம் என்றால் இல்லை. நான் குடத்துக்குப் போட்டேன். விளக்கு வென்றது. இறைமை மக்களிடமே உண்டு, வாக்குரிமையும் அதில் அடங்கும் என்கிறது அரசியலமைப்பின் 3ஆம் உறுப்புரை. அதை வகுப்பில் படிப்பிக்கும் போதெல்லாம் அந்தக் குடம்தான் எனக்கு ஞாபகம் வரும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? முதலில் வாக்காளர் இடாப்பு. உங்கள் பெயர் இருக்கிறதா என்று கிராம உத்தியோகத்தரிடம் இப்போதே கேளுங்கள். தேர்தல் அறிவித்த பிறகு ஓடினால் பிந்திவிடும். வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும் பெயர் இடாப்பில் இருந்தால் வாக்களிக்கலாம். ஆனால் அடையாள அட்டை கட்டாயம் வேண்டும்.

அடுத்தது வாக்குச்சீட்டு. இதில்தான் கவனம். நான் ஆசிரியையாக இருந்த காலத்தில் வாக்கெண்ணும் கடமைக்குப் போயிருக்கிறேன். ஒரு இரவு என் கைக்கு வந்த சீட்டில் கீழே வேட்பாளர்களின் மூன்று இலக்கங்களின் மேல் அழகாகப் புள்ளடி (X). மேலே கட்சிக்கு எதுவுமில்லை. யாரோ ஒருவர் வெயிலில் வரிசையில் நின்று போட்ட வாக்கு, நிராகரித்த கட்டுக்குள் போனது. அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 2024 பொதுத் தேர்தலில் நாடு முழுவதும் நிராகரிக்கப்பட்டவை 6 இலட்சத்துக்கும் மேல்.

ஆகவே முதலில் ஒரே ஒரு கட்சிக்கோ சுயேச்சைக் குழுவுக்கோ எதிரே புள்ளடி. இரண்டுக்குப் போட்டால் சீட்டு செல்லாது. அப்புறம் அதே கட்சி வேட்பாளர்களில் மூன்று பேர் வரை, அவர்களின் இலக்கத்தின் மேல் புள்ளடி. இந்த விருப்பு வாக்கைப் போடாமலும் விடலாம். ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதுவோமே, அதை இங்கே எழுத வேண்டாம். பெயர், கையொப்பம், வேறு எந்த அடையாளமும் வேண்டாம்.

திருகோணமலை மாவட்டத்துக்கு 4 ஆசனம். அதில் ஒன்று, அதிக வாக்கு எடுத்த கட்சிக்குப் போனஸாகப் போகும். மீதி 3 ஆசனத்தைத்தான் வாக்கு விகிதப்படி பிரிப்பார்கள், அதுவும் 5 சதவீதமாவது எடுத்தவர்களுக்குள். மூதூர், சேருவில, திருகோணமலை மூன்று தொகுதியின் வாக்கும் ஒன்றாகச் சேர்கிறது. இவ்வளவு சின்னக் கணக்கில் சில நூறு வாக்கே ஓர் ஆசனத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

உங்கள் அடையாள அட்டையில் படம் மங்கிப் போயிருந்தால் புதியதுக்கு இந்த மாதமே விண்ணப்பியுங்கள். கைக்கு வர நாளெடுக்கும்.