மணல்மேட்டிலிருந்து திரும்பிய இரவில் தால் பாட்டி சாப்பிடும் முறை

ராஜஸ்தானின் ஜெய்சல்மேரிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி சாம் மணல்மேடுகள். அங்கே பொழுது சாய்வதைப் பார்த்துவிட்டு வரும்போது பசி வயிற்றைக் கிள்ளும். அவசரப்படாதீர்கள். கைகால் கழுவி, முதலில் ஒரு டம்ளர் மோர் குடியுங்கள். அங்கே சாஸ் என்று கேட்க வேண்டும். காய்ந்த தொண்டையோடு நெய்ச் சாப்பாட்டில் இறங்கினால் பாதியிலேயே திகட்டிவிடும்.

அப்புறம் தால் பாட்டி கொண்டுவரச் சொல்லுங்கள். தால் என்றால் பருப்பு. கோதுமை மாவு உருண்டையை வரட்டித் தணலில் சுடுவதுதான் பாட்டி. முதல் தடவை நான் அதை இட்லி மாதிரிப் பிட்டுப் பருப்பில் தொட்டுத் தின்றேன். மாவு தொண்டையை அடைத்தது. பக்கத்தில் இருந்த பெரியவர் என் தட்டை வாங்கி, உருண்டையை உள்ளங்கையால் ஒரே அழுத்து அழுத்தினார். ஓடு வெடித்து ஆவி பறந்தது. அந்த வெடிப்பில் நெய்யை விட்டு, அது உள்ளே இறங்கும்வரை காத்திருந்து, பிறகுதான் பருப்பை ஊற்றினார். இந்த வரிசையை மாற்றாதீர்கள். பருப்பு சூடாக இருக்கட்டும்.

தொட்டுக்கொள்ள கேர் சாங்கிரி. கேர் என்பது பாலைவனப் புதரில் காய்க்கும் சின்னக் காய். சாங்கிரி வேறொன்றுமில்லை, நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரத்தின் காய்தான். உலர்த்தி வைத்து, ஊறப்போட்டுச் சமைக்கிறார்கள். புளிப்பும் காரமுமாக நெய்யின் கனத்தைக் குறைக்கும்.

இரண்டு பாட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பாட்டியைப் பொடித்து நெய்யும் சர்க்கரையும் சேர்த்த சூர்மா கடைசியில் வரும், அதற்கு வயிற்றில் இடம் வேண்டும்.