பகிடிக்குப் பின்னால் வினைச்சொல்லை விடாதீர்கள்

கொழும்பில், யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்ற ஓபன் மைக் மேடையில் தமிழில் ஸ்டாண்ட்அப் (தனியாக நின்று பகிடி சொல்வது) செய்ய நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "எதைப் பற்றிக் கதைக்கலாம்?" என்றுதான். விஷயம் எல்லோரிடமும் இருக்கிறது. வெள்ளவத்தையில் வாடகைக்கு அறை தேடி அலைந்த ஒருவரிடமே ஐந்து நிமிடத்துக்குப் போதுமானது கிடைக்கும். பெரும்பாலானோர் இடறுவது வசனத்தை முடிக்கும் இடத்தில்.

என் இரண்டாவது மேடையில் இப்படிச் சொன்னேன்: "வீட்டுக்கார அன்ரி ஊர் கேட்டா, பள்ளிக்கூடம் கேட்டா, அப்பான்ர வேலை கேட்டா. கடைசியா அட்வான்ஸ் வேண்டாமெண்டு என்ர குறிப்பை வாங்கி உள்ள கொண்டுபோய் வைச்சுப்போட்டு வந்தா."

முன்வரிசையில் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி, உடனே நிறுத்திக்கொண்டார்கள். அன்றிரவு போனில் பதிந்ததைப் போட்டுக் கேட்டபோதுதான் காரணம் விளங்கியது. சிரிப்பு 'குறிப்பு', அதாவது சாதகம், என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பிறகும் நான் கதைத்துக்கொண்டே போகிறேன். கதை இன்னும் முடியவில்லை என்று நினைத்து, அவர்கள் மரியாதையாகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருக்கிறார்கள். நான் முடித்தபோது சிரிப்பு ஆறிப்போயிருந்தது.

தமிழில் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வந்து உட்காரும். ஆங்கிலத்தில் செயப்படுபொருள் வினைக்குப் பின்னால் வருவதால், எதிர்பாராத சொல் பல நேரம் தானாகவே கடைசியில் விழுந்துவிடும். ஆங்கில ஸ்டாண்ட்அப் பார்த்துப் பழகியவர்கள் அதே நம்பிக்கையில் தமிழில் எழுதும்போது, சிரிக்க வேண்டிய சொல் நடுவில் புதைந்துபோகிறது. இதற்கு மருந்தும் நம் பேச்சிலேயே உண்டு. "அவர் போனது கண்டிக்கு", "நான் கேட்டது தேத்தண்ணி" என்று நாள் முழுக்கக் கதைக்கிறோமே, அதுதான். அப்படி மாற்றினால்: "கடைசியா அன்ரி வாங்கி வைச்சது அட்வான்ஸ் இல்லை. என்ர குறிப்பு." அதோடு வாயை மூடிவிட வேண்டும். அடுத்த முறை அறையே சிரித்தது. கதை அதேதான்.

ஒவ்வொரு பகிடியிலும் சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது என்று பார்த்து அடிக்கோடு போடுங்கள். அதற்குப் பின்னால் எத்தனை சொல் கிடக்கிறது என்று எண்ணுங்கள். எல்லாவற்றையும் முன்னுக்குத் தள்ளுங்கள், முடியாவிட்டால் வெட்டுங்கள்.

மைக் விஷயம் சின்னது. ஸ்டாண்டிலிருந்து மைக்கை எடுத்தால் ஸ்டாண்டைத் தூக்கி ஓரமாக வையுங்கள். மைக்கின் தலையைக் கையால் பொத்தாதீர்கள், குரல் மங்கிவிடும்.

இரவல் தமிழ் பெரிய விஷயம். யூடியூபில் சென்னைக் கலைஞர்களைப் பார்த்துத்தான் நம்மில் பலர் தொடங்கினோம், அதில் தப்பில்லை. ஆனால் கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஒருவர் மேடை ஏறியதும் "மச்சி, செம கடுப்பாயிடுச்சு" என்று தொடங்கும்போது அவரிடம் இருந்த உண்மை போய்விடுகிறது. வீட்டில் என்ன தமிழோ அதுவே மேடையிலும் இருக்கட்டும்.

அதற்காக அடுத்தவர் தமிழைப் பகிடியாக்கவும் வேண்டாம். கொழும்பில் ஒரே அறையில் யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள் எல்லோரும் இருப்பார்கள், கூட வந்த சிங்கள நண்பர்களும் இருப்பார்கள். ஒருவரின் உச்சரிப்பைத் திருப்பிச் சொல்லிக் காட்டினால் சிரிப்பு வரும், ஆனால் அந்த ஒருவர் மறுபடி வரமாட்டார். இலங்கை வானொலியின் 'கோமாளிகள் கும்மாளம்' நகைச்சுவைத் தொடரைக் கேட்டவர்களுக்கு வித்தியாசம் தெரியும். மரிக்காராக ராமதாஸ், அப்புக்குட்டியாக ராஜகோபால், உபாலியாகச் செல்வசேகரன், ஐயராக அப்துல் ஹமீத். ஆளுக்கொரு தமிழ், ஆனால் யாரும் யாருக்கும் கீழே இல்லை. அந்தத் தொடரே 1976இல் படமாகவும் வந்தது. கொழும்பில் தமிழ் நகைச்சுவை செய்யும் எவருக்கும் இதைவிட நல்ல பாடம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இணையத்தில் ஏற்றும் அவசரத்தையும் அடக்குங்கள். 2023 மே மாதம் நகைச்சுவைக் கலைஞர் நடாஷா எதிரிசூரிய, மேடையில் சொன்ன சில வரிகள் பௌத்தத்தை அவமதித்தன என்ற குற்றச்சாட்டில், 2007ஆம் ஆண்டின் ஐசிசிபிஆர் (குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கை) சட்டத்தின் கீழ் கைதானார். ஜூலையில்தான் பிணை கிடைத்தது. ஒரு பகிடிக்காக யாரையும் சிறையில் வைக்கக் கூடாது என்பதே என் நிலைப்பாடு. ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் நாற்பது பேருக்கு உங்கள் முகமும் தொனியும் தெரியும், வெட்டிப் பரப்பப்படும் முப்பது வினாடியில் அவை இருக்காது. பதிவு செய்யுங்கள், கட்டாயம் செய்யுங்கள். முதல் ஒரு வருடம் அது உங்கள் காதுக்கு மட்டும் இருக்கட்டும்.

ஐந்து நிமிடம் தந்தால் ஐந்து நிமிடம். நேரம் முடிகிறது என்று பின்னால் இருந்து வெளிச்சம் காட்டினால் இன்னும் ஒரு கதை தொடங்காதீர்கள். நீங்கள் எடுப்பது அடுத்தவரின் நேரம். பிந்தினால் காலி வீதியில் பஸ் குறையும், கடைசியாக ஏறுபவர் கதிரைகளுக்குத்தான் கதைக்க வேண்டிவரும்.

கடைசியாக, தாளைப் பார்த்து மனப்பாடம் செய்துவிட்டு நேரே மேடைக்குப் போகாதீர்கள். யாருக்காவது சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள், இது பகிடி என்று முன்கூட்டி அறிவிக்காமல். நான் அந்த அறைக் கதையைத் திருத்திய பிறகு முதலில் அம்மாவிடம்தான் சொன்னேன். தேங்காய் திருவிக்கொண்டே கேட்டார். "என்ர குறிப்பு" என்றதும் கை நின்றது. சிரித்து முடித்து, திருவலையில் இருந்தபடியே நிமிர்ந்து, "ஆர் அந்த அன்ரி? பொம்பிளைப் பிள்ளை இருக்கோ?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் மேடையில் சொல்லும் செற்றில் சேர்த்துக்கொண்டேன்.