பழைய சிறையை மதிப்பிடும்போது எங்கே சறுக்குகிறோம்

ஊருக்கு நடுவே இருக்கும் பழைய சிறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகி வருகின்றன. கட்டியபோது ஊருக்கு வெளியே இருந்தவைதான். ஊர் வளர்ந்து வந்து மதிலைத் தொட்டுவிட்டது. கைதிகளைப் புறநகருக்கு மாற்றிவிட்டால் மிச்சமிருப்பது பல ஏக்கர் நிலமும், இடிக்க மனம் வராத, வைத்துக்கொள்ளவும் வழி தெரியாத கட்டடங்களும். அருங்காட்சியகம், ஓட்டல், பூங்கா, கல்லூரி என்று ஆளுக்கொரு யோசனை அப்போது வரும். எந்த யோசனையை எடுப்பதற்கு முன்பும் இந்த இடத்தில் மதிப்புள்ளது எது, ஏன் என்று எழுதிவைக்க வேண்டும். உலகம் முழுக்கத் தவறுகள் நடப்பது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான்.

முடிவை எடுத்துவிட்டு மதிப்பைத் தேடுவது

ஓட்டல் என்று முதலிலேயே முடிவாகிவிடும். அப்புறம் ஓர் ஆலோசகரைக் கூப்பிட்டு பாரம்பரிய அறிக்கை கேட்பார்கள். பணம் கொடுப்பவரின் விருப்பம் தெரிந்த ஆலோசகருக்கு, முகப்பு 'மிக முக்கியம்' என்றும் செல்களுக்கு இடையிலான சுவர்கள் 'குறைந்த முக்கியத்துவம்' என்றும் எழுதுவது பெரிய கஷ்டமில்லை. அறைகளைப் பெரிதாக்க இடித்தாக வேண்டியது அந்தச் சுவர்களைத்தானே!

இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு சிறை 1996இல் மூடப்பட்டு, பின்னர் ஓட்டலானது. மூன்று செல்களைச் சேர்த்து ஓர் அறை என்பது அங்கே கணக்கு. மாடிகளை ஒட்டிய இரும்பு நடைபாதையும் வரிசைக் கதவுகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் கதவைத் திறந்து உள்ளே போனால் ஒரு மனிதனை அடைத்துவைத்த இடத்தின் அளவு கண்ணுக்குத் தெரியாது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1851இல் கட்டிய சார்ல்ஸ் தெருச் சிறை 1990இல் மூடப்பட்டு 2007இல் ஓட்டலாகத் திறந்தது. அங்கே விருந்தினர் அறைகளில் பெரும்பாலானவற்றைப் பக்கத்தில் புதிதாகக் கட்டிய கோபுரத்துக்குக் கொண்டுபோய்விட்டு, சிறையின் நடுவில் மேல்கூரை வரை உயர்ந்து நிற்கும் மண்டபத்தை மறிக்காமல் விட்டார்கள். இரண்டில் எது சரி என்று ஒரே வரியில் சொல்ல முடியாது. ஆக்ஸ்ஃபோர்டில் போனது செல்; பாஸ்டனில் கூடுதலாக வந்தது ஒரு பெரிய கட்டடம். எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது பேரம் நடக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பாரம்பரியப் பாதுகாப்பில் உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் 1979ஆம் ஆண்டின் பர்ரா சாசனமும் இந்த வரிசையைத்தான் வற்புறுத்துகிறது: முதலில் இடத்தைப் புரிந்துகொள், அடுத்து கொள்கை, கடைசியில் வேலை.

முகப்பைப் பார்த்து மார்க் போடுவது

சிறையின் நுழைவாயில் எப்போதும் கம்பீரமாகத்தான் இருக்கும். வெளியே நிற்பவனைப் பயமுறுத்தவே அதைக் கட்டினார்கள். கோட்டை மாதிரி வளைவு, கொத்தளம், கடிகாரம் எல்லாம் இருக்கும். புகைப்படத்துக்கு அழகு. பல அறிக்கைகளில் பாதிப் பக்கங்கள் இந்த வாயிலுக்கே போய்விடும். உள்ளே இருப்பது 'சாதாரணக் கட்டடங்கள்' என்று ஒரு பத்தியில் முடிந்துவிடும்.

போர்ட் பிளேயரின் செல்லுலார் சிறையை எடுத்துக்கொள்ளுங்கள். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள் போலப் பிரியும் ஏழு கிளைகள், ஒவ்வொன்றும் மூன்று தளம். செல் ஒன்று சுமார் 4.5 மீட்டர் நீளம், 2.7 மீட்டர் அகலம். மூன்று மீட்டர் உயரத்தில் காற்றுக்கு ஒரு திறப்பு. அலங்காரம் என்று சொல்ல எதுவும் கிடையாது. ஆனால் ஒரு கிளையின் செல் வாசல்கள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்தபடி அமைந்திருக்கின்றன. கம்பியைப் பிடித்து நிற்கும் கைதிக்கு எதிரே இன்னொரு முகம் தெரியாது. தெரிவது சுவர் மட்டும். நடுக் கோபுரத்தில் நிற்கும் காவலர் ஏழு கிளைகளுக்கும் போய்வரலாம். அந்தச் சிறையின் முழு நோக்கமும் இந்த அமைப்பில் இருக்கிறது.

இன்று அங்கே மிஞ்சியிருப்பவை மூன்று கிளைகள். மற்றவை இடிந்தும் இடிக்கப்பட்டும் போயின. 1963இல் வளாகத்துக்குள் கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை வந்தது. 1979இல் சிறை தேசிய நினைவுச் சின்னமானது. நிற்கும் கிளைகளை எவ்வளவு அருமையாகப் பராமரித்தாலும், எதிரே இன்னொரு கிளையின் முதுகு இல்லாத இடத்தில் நின்று பார்ப்பவருக்கு அந்தத் தனிமை பிடிபடுவது கடினம். ஒரே மாதிரியான ஏழில் மூன்றை வைத்துக்கொண்டால் போதும் என்ற கணக்கு சிறையில் செல்லாததற்குக் காரணம் இதுதான். ஒரு கோயில் மண்டபத்தில் ஒவ்வொரு தூணும் வேறு மாதிரி இருக்கலாம். சிறையில் எல்லாம் ஒன்றுபோல இருப்பதே செய்தி. 'மாதிரிக்கு ஒரு செல்லை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றலாம்' என்று யாராவது எழுதினால், எத்தனை செல் தொடர்ச்சியாக நின்றால் அந்த வரிசையின் பாரம் தெரியும் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

ஆகவே மதிப்பீடு செய்யப் போகிறவர் வரைபடத்தோடு நடந்து பார்த்துக் குறிக்க வேண்டியவை: கோபுரத்திலிருந்து எந்தெந்தக் கதவுகள் கண்ணில் படுகின்றன, செல்லுக்குள் உட்கார்ந்தால் என்ன தெரிகிறது, நின்றால் என்ன தெரிகிறது, பிளாக்கின் ஒரு முனையில் பேசினால் மறுமுனையில் கேட்கிறதா, வாயிலிலிருந்து செல் வரை எத்தனை கதவு தாண்ட வேண்டும், சாப்பாடு எந்த வழியாக வந்தது, வீட்டார் மனு பார்க்க (அதாவது கைதியைச் சந்திக்க) வந்தால் எங்கே நின்றார்கள், இடையில் ஒரு வலையா இரண்டு வலையா. இவை எதுவும் கட்டடக்கலைப் பாணி என்ற தலைப்பில் அடங்காது.

வெற்றிடத்தைக் காலிமனை என்று நினைப்பது

சிறைக்குள் கட்டடத்தைவிடத் திறந்தவெளி அதிகம். கட்டுமான நிறுவனத்தின் கண் முதலில் போவதும் அங்கேதான். 'பழைய கட்டடங்களைத் தொட மாட்டோம், நடுவில் இருக்கும் காலி இடத்தில் மட்டும் அடுக்குமாடி' என்பார்கள். கேட்க நியாயமாக இருக்கும்.

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் உள்ள பென்ட்ரிஜ் சிறையில் நடந்தது இதற்கு நல்ல பாடம். 1850களிலிருந்து கருநீல எரிமலைக் கல்லில் கட்டியது; 1997இல் மூடி, நிலம் தனியார் கைக்குப் போனது. பிளாக்குகளுக்குப் பக்கத்தில் புல்லும் மண்ணுமாகக் கிடந்த இடத்தில் 2014இல் அகழாய்வு செய்தபோது வட்ட வடிவ அடித்தளங்கள் வெளிவந்தன. வட்டத்தின் நடுவில் காவலர் நிற்கும் இடம். சுற்றிலும் கூர்முனை உள்ளே பார்த்த முக்கோணத் துண்டுகளாகப் பிரித்த முற்றங்கள். ஒவ்வொரு துண்டிலும் ஒரு கைதி, பக்கத்தில் இருப்பவனைப் பார்க்காமல், குறித்த நேரம் தனியாக நடப்பதற்கு. ஒரே காவலர் எல்லோரையும் கண்காணிக்கலாம் என்று 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயச் சிந்தனையாளர் ஜெரமி பெந்தம் காகிதத்தில் போட்ட திட்டத்தின் சாயலைக் கல்லில் காட்டும் அரிய சான்று அது. மேலே இருந்த சுவர்கள் நூறாண்டுக்கு முன்பே போய்விட்டதால், நிற்கும் கட்டடங்களை மட்டும் பார்த்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அதே பென்ட்ரிஜில் இன்னொன்றும் மண்ணுக்குள் இருந்தது. தூக்கிலிடப்பட்டவர்களைச் சிறை வளாகத்துக்குள்ளேயே புதைப்பது அங்கே வழக்கம். நெட் கெல்லி என்ற வழிப்பறிக்காரர் அந்நாட்டின் நாட்டுப்புறக் கதைகளில் நாயகன். 1880இல் மெல்பர்ன் பழைய சிறையில் தூக்கிலிடப்பட்டார். 1929இல் அங்கிருந்த எலும்புகளைத் தோண்டி பென்ட்ரிஜுக்கு மாற்றினார்கள். பிறகு எந்த இடம் என்பதே மறந்துபோனது. 2008-09இல் அந்தப் புதைகுழிகள் கிடைத்தன; 2011இல் மரபணுச் சோதனையில் கெல்லியின் எலும்புகள் உறுதியாயின. இப்படிப்பட்ட இடத்தில் புல்டோசர் முதலில் போய், தொல்லியல் அதிகாரி பின்னால் போனால் என்னாகும் என்று விளக்க வேண்டியதில்லை. பழைய நில அளவை வரைபடங்கள், சிறையின் மரணப் பதிவேடுகள், தேவைப்பட்டால் தரை ஊடுருவும் ரேடார் எல்லாம் மதிப்பீட்டுக் கட்டத்திலேயே வர வேண்டும். கட்டுமான அனுமதியின் நிபந்தனையாக வந்தால் தாமதம்.

சுவர் விஷயமும் கிட்டத்தட்ட இதேதான். வேலை ஆரம்பித்த முதல் வாரத்தில் 'சுத்தம் செய்கிறோம்' என்று சுரண்டி வெள்ளையடிப்பவர்கள் உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் சிறையில், 19ஆம் நூற்றாண்டுக் கைதி ஜேம்ஸ் வால்ஷ் தன் செல் சுவரில் வரைந்த ஓவியங்கள் வெள்ளையடிப்புக்குக் கீழே பல பத்தாண்டுகள் மறைந்திருந்து 1964இல்தான் தெரியவந்தன. அந்தச் சிறை 1991இல் மூடப்பட்டு 2010இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே பெண்கள் சிறைப் பகுதி தங்கும் விடுதியாகவும் இயங்குகிறது, முதன்மைப் பிளாக்கைச் சுற்றிக்காட்டுகிறார்கள். எல்லாவற்றுக்கும் ஒரே மதிப்பெண் போடாமல், பகுதி பகுதியாகப் பிரித்தால்தான் இந்த மாதிரி ஏற்பாடு சாத்தியம்.

தலைவர் இருந்த அறை மட்டும் போதும் என்பது

நம் ஊர்க்காரர்களுக்கு இது ரொம்பப் பழக்கமான தவறு. சிறை என்றதும் 'யார் உள்ளே இருந்தார்?' என்று கேட்போம். ஒரு பெயர் கிடைத்தால் அந்த அறையில் மாலையிட்ட படம், வாசலில் கல்வெட்டு. மற்றதெல்லாம் வெறும் செங்கல்.

சென்னை மத்திய சிறைக்குப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. 1837இல் கட்டிய அந்தச் சிறையில்தான் 1976 நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா என்ற தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்ட மு.க. ஸ்டாலினும் தி.மு.க.வின் சிட்டிபாபுவும் இருந்தார்கள். அடிபட்ட சிட்டிபாபு பிழைக்கவில்லை. 2006இல் கைதிகள் புழலுக்குப் போனார்கள். 2009இல் சிறையை இடித்தார்கள். இத்தனை பெயர்கள் இருந்தும் கட்டடம் நிற்கவில்லை. காரணம் எனக்குப் புரிந்தவரை, பெயருக்கு ஒரு நினைவு மண்டபமோ சிலையோ வைத்தால் கணக்கு தீர்ந்துவிட்டதாக நினைக்கிறோம். இடத்தோடு மதிப்பைக் கட்டிப்போடவில்லை. இடிக்கும் முன் படம் எடுத்துக்கொண்டால் ஆவணப்படுத்தியாகிவிட்டது என்ற எண்ணமும் கூடவே வரும். படம் வேண்டியதுதான். அது கட்டடத்துக்கு ஈடாகாது.

தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில் உள்ள 'கான்ஸ்டிடியூஷன் ஹில்' என்ற பழைய சிறை வளாகத்துக்கும் பெரிய பெயர்கள் உண்டு. காந்தி 1908 ஜனவரியில் அங்கே அடைக்கப்பட்டார். அவரோடு போனவர் டிரான்ஸ்வால் தமிழர்களின் தலைவர் தம்பி நாயுடு. நெல்சன் மண்டேலாவும் இருந்திருக்கிறார். ஆனால் 1983இல் மூடிய அந்தச் சிறையை மறுபடி திறந்தபோது முன்னாள் கைதிகளையும் காவலர்களையும் அழைத்து வந்து நடக்கவிட்டுப் பேசவைத்தார்கள். கறுப்பினத்தவரை அடைத்த 'நம்பர் ஃபோர்' பகுதியில் கழிப்பறை எங்கே, சாப்பாடு எங்கே, போர்வையை எப்படி மடித்தார்கள் என்பதெல்லாம் காட்சியானது அப்படித்தான். அரசியல் கைதியோடு, பாஸ் சட்டத்தில் (கறுப்பினத்தவர் அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும் என்ற சட்டம்) பிடிபட்ட கூலித் தொழிலாளியின் கதையும் சேர்ந்தது.

அங்கேயும் ஒரு பிளாக்கை இடித்தார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். விசாரணைக் கைதிகளின் கட்டடத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அரசியலமைப்பு நீதிமன்றத்தை எழுப்பினார்கள், 2004இல் திறந்தது. பழைய கட்டடத்தின் நான்கு மாடிப்படிக் கூடுகள் மட்டும் நிற்கின்றன, செங்கற்கள் நீதிமன்றச் சுவருக்குள் போய்விட்டன. இதை ஏற்காத பாதுகாப்பு வல்லுநர்கள் இருக்கலாம். எனக்கு இது நேர்மையான இடிப்பு. எதை இழக்கிறோம், எதற்காக என்பது தெரிந்து செய்தது.

சின்னச் சின்னத் தவறுகள், பெரிய செலவு

கட்டடம் பழுதாக இருந்தால் மதிப்பு குறைவு என்று எழுதிவிடுவார்கள். பழுது என்பது பழுதுபார்க்கும் செலவைப் பற்றிய செய்தி. மதிப்புக்கு வேறு பத்தி வேண்டும். மறுபக்கம், மதிப்பை மட்டும் எழுதிவிட்டு உறுதியைச் சோதிக்காமல் விடுவதும் ஆபத்து. ஹாங்காங்கில் விக்டோரியா சிறையும் பழைய காவல் தலைமையகமும் சேர்ந்த வளாகத்தை 'தாய் குன்' என்ற கலை மையமாக 2018இல் திறந்தார்கள். இன்று பலரும் பாராட்டும் வேலை. ஆனால் பணி நடந்துகொண்டிருந்த 2016இல் அங்கே சட்டப் பாதுகாப்பில் இருந்த ஒரு கட்டடத்தின் பகுதி சரிந்து விழுந்தது.

பிற்காலச் சேர்க்கைகளை எல்லாம் குப்பை என்று எடுத்துவிடுவதும் நடக்கிறது. 1970களின் தகரக் கூரையும் மின்வேலியும் அழகில்லைதான். ஆனால் அந்தச் சிறை கடைசி ஐம்பது ஆண்டுகள் எப்படி நடந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

அப்புறம் விளையாட்டுத்தனம். பாஸ்டன் ஓட்டலில் உணவகத்துக்கு 'கிளிங்க்' என்று பெயர், ஆங்கிலக் கொச்சையில் ஜெயில். மதுக்கூடத்துக்கு 'அலிபை', அதாவது குற்றம் நடந்தபோது வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதம். பாட்டன் காலத்தில் யாரும் உள்ளே போகாத குடும்பங்களுக்கு இது தமாஷ். ஆக்ஸ்ஃபோர்டில் தண்டனையோடும் தூக்கோடும் தொடர்புள்ள பகுதிகளை விருந்தினருக்குக் கொடுக்காமல் அலுவலகமாக்கினார்கள். 'இந்த இடத்தில் என்னென்ன செய்யக்கூடாது' என்ற பட்டியலும் மதிப்பீட்டு அறிக்கையின் வேலைதான். பெரும்பாலான அறிக்கைகளில் அது இருக்காது.

காலியான பிறகு தொடங்குவது

இது கோவைக்கு இப்போதே பொருந்தும். கோவை மத்திய சிறையை ஊருக்கு வெளியே மாற்றும் ஏற்பாடுகள் நடக்கின்றன. சிறை நிலத்தின் ஒரு பகுதியில் செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. வ.உ.சி. செக்கிழுத்த சிறை அது. அவர் இழுத்த செக்கு சென்னை கிண்டி காந்தி மண்டபத்தில் காட்சிக்கு இருக்கிறது. செக்கை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோய் வைக்கலாம். அது எந்தக் கூரைக்குக் கீழே சுற்றியது, அங்கிருந்து அவர் செல் எவ்வளவு தூரம், மேற்பார்வை பார்த்தவர் எங்கே நின்றார் என்பவற்றை இடம்தான் சொல்ல வேண்டும்.

சிறை காலியானதும் முதலில் போவது கதவும் பூட்டும், பழைய இரும்பு ஏலத்தில். அடுத்து பதிவேடுகள், வேறு அலுவலகத்தின் மூட்டைகளுக்குள். கடைசியில் மனிதர்கள்: எந்த பிளாக்குக்கு எந்தப் பெயர், எந்தக் கதவு எப்போது அடைக்கப்பட்டது, எந்தச் சுவர் எப்போது வந்தது என்று தெரிந்த வார்டர்கள் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போய்விடுவார்கள். ஆகவே அளவெடுப்பதையும் கேட்டுப் பதிவதையும் கைதிகள் உள்ளே இருக்கும்போதே தொடங்கிவிட வேண்டும். பாதுகாப்புக் காரணம் சொல்லி மறுப்பார்கள். பிளாக் பிளாக்காக, அந்தந்த நேரத்தில் காலியாக இருக்கும் பகுதியிலிருந்து ஆரம்பிக்கலாம். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. சிறைத்துறையிலிருந்து ஓர் உத்தரவும், ஒரு அளவு நாடாவும், ஓய்வுக்குச் சில மாதங்களே மிச்சமுள்ள இரண்டு மூன்று வார்டர்களும் இருந்தால் போதும்.