'அரட்டை' எங்கிருந்து வந்தது? ஒரு சொல்லின் பொருளையும் வேரையும் தேடும் முறை

ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பதும் அது எங்கிருந்து வந்தது என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், வேர் தெரிந்துவிட்ட மகிழ்ச்சியில் பொருளைத் திரித்துவிடுவோம். 'அரட்டை'யை எடுத்துக்கொண்டு இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பார்க்கலாம். இதே வழி வேறு எந்தப் பேச்சுவழக்குச் சொல்லுக்கும் ஆகும்.

அகராதியைத் திறக்குமுன் ஒரு தாளில் பத்துப் பதினைந்து வாக்கியங்கள் எழுதுங்கள். காதில் விழுந்தவையாக இருக்கட்டும், யோசித்துக் கட்டியவை வேண்டாம். 'வேலையை விட்டுட்டு என்ன அரட்டை?', 'ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அரட்டை அடிச்சோம்' என்பதுபோல. அந்தச் சொல் எந்த வினையோடு சேர்கிறது என்று பாருங்கள். அரட்டையை நாம் பேசுவதில்லை, அடிக்கிறோம். தம்பட்டம் அடிப்பது, ஜால்ரா அடிப்பது எல்லாம் இந்த வரிசைதான். 'அரட்டையை அடித்தான்' என்று ஐ உருபு போட்டால் வாக்கியம் நொண்டும். பெயரும் வினையும் அந்த அளவுக்கு ஒட்டிவிட்டன.

அடுத்தது மாற்றிப் போட்டுப் பார்ப்பது. 'மருத்துவர் நோயாளியிடம் பேசினார்' என்பதில் 'பேசினார்' இருந்த இடத்தில் 'அரட்டை அடித்தார்' என்று வையுங்கள். மருத்துவர் தன் வேலையைப் பார்க்கவில்லை என்ற பொருள் தானாக வந்துவிடும். 'அளவளாவினார்' என்று வைத்தால் அந்தக் குறை வராது. அதில் உள்ளங்கலந்து பேசும் மதிப்பு இருக்கிறது. அளவளாவு இல்லாதான் வாழ்க்கை கரையில்லாத குளம் என்று குறளே (523) சொல்கிறது. 'வம்பு' என்றால் அங்கே இல்லாத மூன்றாம் ஆள் ஒருவர் பேச்சுக்குள் வந்தாக வேண்டும். அரட்டைக்கு அது தேவையில்லை. ஈழத்தில் 'கதைத்தல்' சாதாரணமாகப் பேசுவதையே குறிக்கும், அதில் பழிப்பு ஏதும் கிடையாது. ஆக, நோக்கமில்லாத, பொழுதுபோக்கான, பெரும்பாலும் கூட்டமாகப் பேசும் பேச்சு. இந்த வரையறை எந்த அகராதியும் இல்லாமலே கையில் கிடைத்துவிட்டது.

இப்போது அகராதிகள். புதியதிலிருந்து பழையதை நோக்கிப் போங்கள்: க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி (முதல் பதிப்பு 1992), சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924–1936, இணைப்புத் தொகுதி 1939), வின்சுலோ (1862), பப்ரிசியஸ் (1779). க்ரியா இன்றைய வழக்கைக் காட்டும், வேரைத் தேட அதில் இடமில்லை. லெக்சிகனைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய அகராதித் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பதிவை மட்டும் படித்துவிட்டு வெளியே வந்துவிடாதீர்கள். அரட்டு, அரட்டுதல், அரள்தல், அரற்று என்று மேலும் கீழும் உள்ள பதிவுகளையும் சேர்த்துப் படியுங்கள். 'ஒப்பிடுக' என்ற குறிப்பு இருந்தால் அதை 'இதிலிருந்து வந்தது' என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலரும் சறுக்கும் இடம் இது.

வேருக்கு வந்தால், பொருள் பொருந்துகிறதா என்று பிறகு பார்க்கலாம். ஒலி பொருந்துகிறதா என்பதுதான் முதல் கேள்வி.

முதலில் தோன்றுவது 'அரள்', அதாவது மிரளுதல், அஞ்சுதல். ளகரத்தில் முடியும் வினை, பிறவினையாகும்போது ட்டு ஆகும்: மிரள்–மிரட்டு, உருள்–உருட்டு, திரள்–திரட்டு, புரள்–புரட்டு. இந்தக் கணக்கில் அரள்–அரட்டு துல்லியமாக உட்காருகிறது. ஆனால் இந்த அரட்டுதல் அச்சுறுத்துதல். பெரிய திருமொழியில் திருமங்கையாழ்வார் தம்மை 'அரட்டமுக்கி' என்று சொல்லிக்கொள்வதும் குறும்பரை அடக்கியவர் என்ற பொருளில்தான். அவர் யாருடைய அரட்டையையும் நிறுத்தவில்லை! அச்சுறுத்தலிலிருந்து வெட்டிப்பேச்சுக்கு வர ஒரு பாலம் வேண்டும். உரத்த ஆரவாரம் என்று ஒரு பொருள் நடுவே இருந்திருக்கும் என ஊகிக்கலாம். அதற்கு எழுத்தில் சான்று கையில் கிடைக்கும்வரை ஊகம் என்றே குறித்துவையுங்கள்.

'அரற்று', அதாவது புலம்புதல், பிதற்றுதல், பொருளில் நெருக்கம். தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் இது 'துஞ்சல் அரற்று கனவு' என்று உறக்கத்துக்கும் கனவுக்கும் நடுவில் நிற்கிறது. ஆனால் பேச்சில் ற்ற பொதுவாக த்த ஆகும்: காற்று–காத்து, நேற்று–நேத்து, ஊற்று–ஊத்து. அந்தக் கணக்கில் அரற்று 'அரத்து' ஆக வேண்டும், ட்ட வரக் காரணம் சொல்ல வேண்டும். பொருள் இனிக்கிறது, ஒலி இடிக்கிறது.

மூன்றாவது வழி பக்கத்து வீடு. கன்னடத்தில் 'ஹரடெ' என்றால் அரட்டையேதான். இங்கே அவசரப்படாமல் கன்னட ஹகரத்தைச் சோதியுங்கள். பால்–ஹாலு, பத்து–ஹத்து, புலி–ஹுலி, பல்–ஹல்லு என்று, பழைய பகரம் இடைக்கன்னடக் காலத்தில் ஹகரமானது. ஹரடெயின் ஹகரமும் அப்படி வந்திருந்தால் தமிழில் அதன் உடன்பிறப்பு பகரத்தில் தொடங்க வேண்டும். நம்மிடம் உள்ள 'பரட்டை' தலைமுடிக்குத்தான் ஆகும், பேச்சுக்கு ஆகாது. அப்படியானால் இரண்டே வாய்ப்பு: ஹகரம் வந்தபின் கன்னடச் சொல்லைத் தமிழ் வாங்கி, ஹகரத்தை உதிர்த்திருக்கலாம், இல்லையென்றால் அந்த ஹகரம் பகரத்திலிருந்து வந்ததல்ல. எது சரி என்று பார்க்கக் கிட்டலின் கன்னட அகராதியையும் (1894), பரோ–எமனோ தொகுத்த திராவிட வேர்ச்சொல் அகராதியின் இரண்டாம் பதிப்பையும் (1984) எடுங்கள். பழைய கன்னட நூலில் பகர வடிவம் கிடைக்கிறதா என்பதே தேட வேண்டியது.

வடமொழியில் 'ரட்' என்றால் கத்துதல். ரங்கம் அரங்கமானதுபோல முன்னால் அகரம் சேரும் என்பதும் உண்மை. அதனால் இதைப் பிடித்துக்கொள்ளும் ஆசை வரும். ஆனால் வேர் மட்டும் ஒத்தால் போதாது; 'அரட்டை'க்கு மூலமாக நிற்கக்கூடிய ஒரு முழுச்சொல்லை அங்கே காட்ட வேண்டும்.

அரசமரத்தடியில் உட்கார்ந்து பேசியதால் அரட்டை என்று யாராவது விளக்கம் சொன்னால், அரச மரத்து அடி 'அரசடி' ஆகும் என்று மட்டும் சொல்லுங்கள். அந்தப் பெயரில் ஊர்களே உண்டு. சகரம் ஏன் காணாமல் போனது, டகரம் ஏன் இரட்டித்தது என்பதற்கு அந்தக் கதையில் பதில் இருக்காது.

குறிப்பு எழுதும்போது பொருளை ஒரு வரியிலும், வேரை வேறு வரியிலும், ஒவ்வொரு வேருக்கும் எதிரான காரணத்தை அதன் பக்கத்திலும் எழுதுங்கள். சொற்கள் சேரும்போது வரும் எழுத்து மாற்றமும் (புணர்ச்சி) முக்கியம்: 'அரட்டைக் கச்சேரி'யில் க் வரும், 'அரட்டை அரங்க'த்தில் எதுவும் வராது. பயன்பாட்டு வாக்கியங்களுக்கு ஆண்டு போடுங்கள். 2021-இல் ஜோஹோ நிறுவனம் தன் செய்திச் செயலிக்கு இந்தப் பெயரை வைத்தபின், 'அரட்டையில் அனுப்பு' என்று இடவேற்றுமையிலும் சொல்ல முடிகிறது. அது வெட்டிப்பேச்சைக் குறிக்காது, ஒரு செயலியின் பெயர். பழைய பொருளோடு கலக்காமல் தனி எண்ணிட்டு எழுத வேண்டும்.