ஆட்சி ஆடும்போதெல்லாம் யூதர் மேல் பழி: இதைப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011 மார்ச் 1. ஏமனில் அதிபர் அலி அப்துல்லா சாலேயைப் பதவி விலகச் சொல்லி மக்கள் தெருவில் நிற்கிறார்கள். அவரோ சனா பல்கலைக்கழகத்தில் பேசும்போது, அரபு உலகக் கிளர்ச்சிகளை இயக்கும் அறை இஸ்ரேலின் டெல் அவிவில் இருக்கிறது என்கிறார். இதைக் கேட்டு "அரபுக்காரர்களே இப்படித்தான்" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. தெருவில் நின்றவர்கள் கேட்டது வேலையும் ஊழலில்லாத ஆட்சியும். பதில் சொல்ல முடியாதவர் யூதர் மேல் பழி என்ற, கைக்கெட்டிய பழைய தடியை எடுத்தார், அவ்வளவுதான்.

அந்தத் தடியும் உள்ளூர்ச் சரக்கு மட்டுமில்லை. யூதர்கள் சடங்குக்காகக் கிறிஸ்தவக் குழந்தைகளைக் கொல்கிறார்கள் என்ற பழி 12ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கிளம்பியது. 1840இல் டமாஸ்கஸில் கப்புச்சின் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையைச் சேர்ந்த ஒரு பாதிரியார் காணாமல் போனபோது அதே பாணிப் பழி அங்கே விழுந்தது. ஊதிப் பெரிதாக்கியவர் பிரெஞ்சுத் தூதர் ராத்தி-மாந்தோன். பிடித்துச் செல்லப்பட்ட யூதர்களில் சிலர் சித்திரவதையிலேயே செத்தார்கள்.

சரி, அப்படியானால் எல்லாம் ஐரோப்பிய இறக்குமதி, 1948இல் இஸ்ரேல் உருவாகும் முன் யூதரும் முஸ்லிம்களும் மாமன் மச்சானாக இருந்தார்கள் என்று அந்தப் பக்கம் சாயலாமா? நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முஸ்லிம் ஆட்சியில் மற்ற மதத்தவர் கட்டவேண்டிய ஜிஸ்யா வரியும் இரண்டாம்தர நிலையும் நிஜம். 12ஆம் நூற்றாண்டில் அல்மொஹாத்கள் என்ற முஸ்லிம் அரச வம்சத்தின் ஆட்சிக்குப் பயந்து ஸ்பெயினின் கோர்டோபாவை விட்டு ஓடியது யூத அறிஞர் மைமோனிடிஸின் குடும்பம். அவர் மருத்துவராகப் பேர் வாங்கியதும் முஸ்லிம்கள் ஆண்ட எகிப்தில்தான்.

1941 ஜூன் 1, பாக்தாத். யூதர்களுக்கு ஷவுவோத் பண்டிகை. ஜெர்மனி பக்கம் சாய்ந்திருந்த ஈராக் பிரதமர் ரஷீத் அலி ஓடிவிட்டார், அடுத்த ஆட்சி சரியாக உட்காரவில்லை, பிரிட்டிஷ் படை ஊருக்கு வெளியே நிற்கிறது, உள்ளே வரவில்லை. அந்த இடைவெளியில் இரண்டு நாள் கொலையும் கொள்ளையும். ஏறத்தாழ 180 யூதர்கள் செத்தார்கள். ஃபர்ஹூத் என்பார்கள். இதை 'இஸ்லாமிய வெறி' என்று ஒரே சொல்லில் அடைப்பவர்கள், அன்று பக்கத்து வீட்டு யூதர்களை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்திய முஸ்லிம் குடும்பங்களை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

கடைசியாக, யூதரையும் இஸ்ரேல் அரசையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவது. இஸ்ரேலைக் குறை சொன்னாலே யூத வெறுப்பு என்பவர்களும், இஸ்ரேல் மேலுள்ள கோபத்தை எந்த யூதர் மேலும் காட்டலாம் என்பவர்களும் செய்வது ஒரே தவறுதான். 1967 போரில் அரபு நாடுகள் இஸ்ரேலிடம் தோற்றிருந்தன. 1968இல் ஈராக்கில் பாஅத் கட்சி ஆட்சியைப் பிடித்தது. 1969 ஜனவரியில் அந்த அரசு, இஸ்ரேல் உளவாளிகள் என்று சொல்லி 9 யூதர்களைத் தூக்கிலிட்டு, வந்து பாருங்கள் என்று வானொலியில் ஜனங்களைக் கூப்பிட்டது. தொங்கியவர்கள் ஈராக்கியர்கள்.